விபத்துகளின் எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு எண்

2018-19ல் இந்திய விமானப் படைக்கு 11 விபத்துகள். அடுத்த ஆண்டு 3. அதற்கடுத்த ஆண்டும் 3. பிறகு 2021-22ல் 9. இந்த நான்கு எண்களையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, கடலூர் துறைமுகத்தில் படகு வைத்திருந்த என் பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நடுவுல ரெண்டு வருஷம் யாரோ கண்டிப்பான ஆளு இருந்திருக்காரு வாத்தியாரே. அப்புறம் மாத்தலாகிப் போயிட்டாரு" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. எண் இறங்கினால் யாரோ நல்லது செய்தார்கள், ஏறினால் யாரோ கோட்டை விட்டார்கள் என்று ஆளைத் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். பத்திரிகைத் தலைப்பும் தொலைக்காட்சி விவாதமும் இதே கதையைத்தான் கொஞ்சம் நாசூக்கான சொற்களில் சொல்கின்றன.

எண்கள் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு 2024 டிசம்பரில் வைத்த அறிக்கையிலிருந்து எடுத்தவை. 2017-18ல் நடந்த 8 விபத்துகளையும் சேர்த்தால் ஐந்து ஆண்டில் மொத்தம் 34, அதாவது ஆண்டுக்குச் சராசரி 6.8. கேள்வி இதுதான்: எதுவுமே மாறாமல், அதே விமானங்கள், அதே பயிற்சி, அதே பராமரிப்பு என்று இருந்தாலும் இந்த எண் 11க்கும் 3க்கும் நடுவே இப்படித் தானாகவே குதிக்குமா?

இதற்கு விடை சொல்லும் கணக்கு விமானத்துக்கு முந்தியது. அது குதிரை லாயத்தில் பிறந்தது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் கணக்கை லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் என்ற பொருளாதார அறிஞர் 1898ல் வெளியிட்டார். அதில் 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவின் ஓர் ஆண்டை ஒன்று என்று எண்ணினால் 200 பதிவுகள். மொத்தச் சாவு 122. அந்த 200ல் 109 பதிவுகளில் யாருமே சாகவில்லை. 65ல் ஒருவர், 22ல் இருவர், 3ல் மூவர், ஒரே ஒரு பதிவில் நான்கு பேர். அந்த நான்கு பேர் செத்த பிரிவின் தளபதி அந்த ஆண்டு என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். விசாரணை, விளக்கக் கடிதம், புதிய குதிரைப் பயிற்சி விதிகள்! ஆனால் சராசரி 0.61 என்ற ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, மீதியைத் தற்செயலிடம் விட்டுவிட்டால் சூத்திரம் என்ன சொல்கிறது தெரியுமா? 109, 66, 20, 4, 1. நடந்ததும் ஏறத்தாழ இதுவேதான்.

அந்தச் சூத்திரத்தை நம் பிளஸ் டூ புத்தகம் பாய்சான் பரவல் என்று சொல்கிறது. பெயருக்குரியவர் சிமெயோன் தெனி புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மீன் என்று பொருள். புதுச்சேரியில் பாடம் எடுத்த காலத்தில் இதை வகுப்பில் சொல்லும்போது, வீட்டில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் தாத்தா உள்ள பிள்ளைகள் மட்டும் நான் முடிக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள்.

சரி, அந்த மீனை விமானப் படைக் கணக்கில் விட்டுப் பார்ப்போம். சராசரி 6.8 ஆக இருக்கும்போது, ஓர் ஆண்டில் 11 அல்லது அதற்கு மேல் விபத்து நடப்பது ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது. 3 அல்லது அதற்குக் கீழே இறங்குவது 11 ஆண்டுக்கு ஒருமுறை. ஐந்தே ஆண்டில் ஒரு 11ம் இரண்டு 3ம் வந்தால் கொஞ்சம் புருவம் உயரும். ஐந்து எண்களையும் சேர்த்துச் சோதித்தால், வெறும் தற்செயலே இந்த அளவு ஏற்ற இறக்கத்தைப் பத்தில் ஒரு தடவை தரும் என்று வருகிறது. பத்தில் ஒன்று என்றால் சந்தேகப்பட இடமுண்டு, தீர்ப்புச் சொல்ல இடமில்லை. நடுவில் கொரோனா ஆண்டு வேறு வருகிறது. கண்டிப்பான அதிகாரியைத் தேடுவதற்கு முன்னால், அந்தந்த ஆண்டில் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இதே சிக்கல் 2025ல் ஜாகுவார் போர் விமான விஷயத்திலும் வந்தது. மார்ச்சில் ஹரியானாவில் ஒன்று, ஏப்ரலில் ஜாம்நகர் அருகே ஒன்று, ஜூலையில் ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தில் ஒன்று. ஒரே ரகம், ஐந்து மாதத்துக்குள் மூன்று. ஒரு ரகத்துக்கு ஆண்டுக்குச் சராசரி ஒரு விபத்து என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் மூன்று அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு நூற்றுக்கு 8. குறைவுதான். ஆனால் விமானப் படையிடம் இருப்பது ஒரே ரகம் அல்ல. அப்படிப் பத்து ரகங்கள் இருந்தால், அவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது இந்தக் கெட்ட ஆண்டு வர வாய்ப்பு பாதிக்கு மேல். எந்த ரகத்துக்கு வந்ததோ அதன் மேல் வெளிச்சம் விழுகிறது, மற்ற ஒன்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜாகுவார் பழைய விமானம் இல்லை என்றோ, அதன் எஞ்சினில் குறையே இல்லை என்றோ நான் வாதாடவில்லை. அது 1979ல் நம் படைக்கு வந்த விமானம், வயதுக்குரிய தொல்லைகள் உண்டு. மூன்று என்ற எண் மட்டும் அதை நிரூபிக்காது என்கிறேன், அவ்வளவுதான். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டிய விஷயம் அது.

இனி மணி நேரத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் கடலூரில் விசைப்படகு கவிழ்ந்த செய்தி வராது. மே மாதக் கடல் சாதுவானது என்று இதற்குப் பொருள் இல்லை. படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. இதை அண்ணனுக்கு விளக்கவே தேவையில்லை. விமானத்துக்குச் சொன்னால் மட்டும் படித்தவர்கள்கூட மறந்துவிடுகிறோம். அதனால்தான் உலகம் முழுக்கப் படைகள் விபத்தைத் தனியாக எண்ணாமல், பறந்த மணி நேரத்தால் வகுத்து விகிதமாகச் சொல்கின்றன.

வகுப்பதிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்க விமானப் படை 1,00,000 மணி நேரத்துக்கு இத்தனை என்று சொல்லும். நாம் 10,000 மணி நேரத்துக்கு இத்தனை என்று சொல்கிறோம். நிலைக்குழுவுக்கு அரசு கொடுத்த கணக்குப்படி நம் விகிதம் 2000-05ல் 0.93, 2017-22ல் 0.27, 2020-24ல் 0.20. இந்த 0.27ஐ எடுத்து, அமெரிக்காவின் பெரும் விபத்து விகிதமான ஒன்று, இரண்டு என்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, நாம் எங்கேயோ போய்விட்டோம்" என்று கொண்டாடுவதற்கு ஆள் இருக்கிறார்கள். பத்தால் பெருக்கினால் நம்முடையது லட்சத்துக்கு 2.7. கொண்டாட்டம் அங்கேயே அடங்கிவிடும். ஆனால் வெட்கப்படவும் தேவையில்லை. 1940களின் இறுதியில் அதே அமெரிக்கப் படையின் விகிதம் லட்சத்துக்கு 40க்கு மேல் இருந்தது.

ஒரு சின்னச் சரிபார்ப்பும் செய்தேன். 34 விபத்தை 0.27ஆல் வகுத்து 10,000ஆல் பெருக்கினால் 12.6 லட்சம் மணி நேரம் வருகிறது. ஐந்து ஆண்டுக்கு அவ்வளவு என்றால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் மணி. நம்முடையது போன்ற ஒரு பெரிய படைக்கு நம்பக்கூடிய எண்தான். இரண்டு இடத்தில் கிடைத்த எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருந்தால் ஒரு நிம்மதி.

இப்போது 0.93 என்பது 0.27 ஆனது உண்மையான முன்னேற்றமா, இதுவும் குதிரை உதைதானா? இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எத்தனை விபத்தோ அதன் வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு ஆட்டம் அந்த எண்ணுக்கு இயல்பு. 34க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 6. அதில் இரண்டு மடங்கு, அதாவது 12, கூட்டியும் கழித்தும் பார்த்தால் 22 முதல் 46 வரை எந்த எண் வந்திருந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது. பழைய விகிதமான 0.93ல் அதே 12.6 லட்சம் மணி நேரம் பறந்திருந்தால் 117 விபத்து நடந்திருக்கும். அதற்கு ஆட்டம் 11. 117 எங்கே, 34 எங்கே! நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தற்செயல் தாண்டவே முடியாது. இது நிஜ முன்னேற்றம், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

0.27 என்பது 0.20 ஆனது அப்படியல்ல. நான்கு ஆண்டுக்கு 10 லட்சம் மணி என்று வைத்தால், 27 வர வேண்டிய இடத்தில் 20 வந்திருக்கிறது. வித்தியாசம் 7, இரண்டுக்கும் சேர்த்து இயல்பான ஆட்டமே 6க்கு மேல். போதாக்குறைக்கு 2017-22ம் 2020-24ம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. 2020, 2021ல் நடந்தவை இரண்டு கணக்கிலும் வருகின்றன. ஒரே படகின் மீனை இரண்டு கூடையில் எண்ணிய மாதிரி. குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். இன்னும் சில ஆண்டுகள் போக வேண்டும்.

எதை விபத்து என்று எண்ணுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் ஏ வகுப்பு விபத்து என்றால் உயிர் போயிருக்க வேண்டும், அல்லது நிரந்தர முழு ஊனம், அல்லது விமானமே அழிந்திருக்க வேண்டும், அல்லது சேதம் ஒரு குறிப்பிட்ட டாலர் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வரம்பு முன்பு 10 லட்சம் டாலர், 2010 நிதியாண்டிலிருந்து 20 லட்சம், 2020 நிதியாண்டிலிருந்து 25 லட்சம். இதில் வேடிக்கை என்னவென்றால், நவீன விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு பறவை புகுந்து, விமானி கீறல் இல்லாமல் இறங்கி நடந்து வந்தாலும், எஞ்சின் விலையால் அது ஏ வகுப்பில் விழுந்துவிடும். மலிவான பயிற்சி விமானத்தில் அதே பறவை, அதே அடி, ஆனால் கீழ் வகுப்பு. வரம்பை உயர்த்தாமல் வைத்திருந்த ஆண்டுகளில் விலைவாசியே விபத்து விகிதத்தை ஏற்றும். உயர்த்திய ஆண்டில் எதுவும் மாறாமலே விகிதம் இறங்கும்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்கப் போர் விமானம். மேற்கு ஜெர்மனி 916 விமானங்களை வாங்கி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. 116 விமானிகள் இறந்தார்கள். அங்கே அதற்கு விதவையாக்கி என்றே பட்டப்பெயர். அமெரிக்கப் படையிலும் அதன் விகிதம் லட்சம் மணிக்கு 26க்கு மேல். அதே விமானத்தில் 21ஐ ஸ்பெயின் 1965 முதல் 1972 வரை 17,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியது. ஒன்றுகூட விழவில்லை.

ஸ்பெயினுக்கு வெறும் அதிர்ஷ்டமா? அமெரிக்க விகிதத்தில் 17,000 மணி பறந்தால் நான்கு, ஐந்து விமானம் போயிருக்க வேண்டும். ஒன்றுமே போகாமல் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 80ல் ஒன்று. ஆகவே அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. ஜெர்மனி அந்த விமானத்தைக் குண்டு வீசும் வேலைக்கும் பயன்படுத்தி, ஐரோப்பாவின் மேகமூட்டத்தில் தரையை உரசுகிற உயரத்தில் ஓட்டியது. ஸ்பெயின் நல்ல வானிலையில், உயரத்தில், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு, அதாவது எதிரி விமானத்தை வானில் வழிமறிப்பதற்கு மட்டும் பயன்படுத்தியது. விமானம் ஒன்று, வேலை இரண்டு. விகிதத்தை வெறும் விமானத்தின் பெயரோடு ஒட்டினால் இந்த விஷயம் மறைந்துபோகும்.

ஆனால் பூஜ்யத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. N மணி நேரத்தில் ஒரு விபத்தும் இல்லை என்றால், உண்மையான விகிதம் 3ஐ Nஆல் வகுத்தது வரை இருக்கலாம் என்பது புள்ளியியலில் ஓர் எளிய விதி. ஸ்பெயினின் 17,000 மணிக்கு அது லட்சத்துக்கு 17க்கு மேல் வருகிறது! இன்றைக்கு எந்தப் படையும் ஏற்காத விகிதம். நம் தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4ல் முதன்முதலில் பறந்தது. 2024 மார்ச் 12ல் ஜெய்சால்மரில் முதல் விமானம் விழுந்தது. 23 ஆண்டு சுத்தமான பதிவு. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில் நிற்கும் அந்தப் படைப்பிரிவைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் முதல் 10,000 மணி நேரத்தில் விபத்தே இல்லை என்று ஒரு விமானத்தைப் பற்றிச் சொன்னால், கணக்கு தரும் உறுதி என்ன? லட்சத்துக்கு 30ஐத் தாண்டாது என்பது மட்டும்தான். ஸ்டார்ஃபைட்டரே அதற்குள் அடங்கிவிடும். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் இன்னொரு தேஜஸ் விழுந்தபோது, "இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தது" என்று அதிர்ந்தவர்களும், "எல்லாம் போச்சு" என்று கையை விரித்தவர்களும் ஒரே தப்பைச் செய்தார்கள். பூஜ்யத்தையும் பெரிதாக நம்பினார்கள், இரண்டு என்ற எண்ணையும் பெரிதாக நம்பினார்கள்.

மிக் விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே எண்கள் நிறைய. 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின என்று 2012ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். இறந்த விமானிகள் 171, பொதுமக்கள் 39. பறக்கும் சவப்பெட்டி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பாதிக்கு மேல் போய்விட்டது என்பது பயங்கரம்தான். ஆனால் அந்தக் கணக்கு 1971-72ல் தொடங்கி 40 ஆண்டு நீள்வது. இழந்த விழுக்காடு என்பது ஏறுமே தவிர இறங்காது. எந்த விமானத்தையும் போதிய காலம் ஓட்டினால் அது மோசமாகத் தெரியும். 1963ல் வந்த மிக்-21ஐ 2025 செப்டம்பர் 26ல்தான் சண்டிகரில் வழியனுப்பினோம்.

அதைவிட முக்கியம், அதை ஓட்டியது யார் என்பது. மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து இறங்கிய இளம் விமானி, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் மிக்-21ல் நேரே ஏற வேண்டியிருந்தது. நடுவில் ஒரு படி இல்லை. 1982ல் விமானப் படை அதிகாரி லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு, மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1997ல் நம் அப்துல் கலாம் தலைமையிலான குழுவும் போர் விமான விபத்துகளை ஆராய்ந்தது. ஹாக் பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் 2004ல், விமானம் படையில் சேர்ந்தது 2008ல். பரிந்துரைக்கும் விமானத்துக்கும் நடுவே 26 ஆண்டு. அந்தக் காலத்து மிக்-21 விபத்துகளில் எவ்வளவு விமானத்தின் கணக்கு, எவ்வளவு படி இல்லாத ஏணியின் கணக்கு? வெறும் 482 இதைப் பிரித்துச் சொல்லாது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான், விமானத்தின் மேல் அல்ல.

காரணப் பட்டியலும் அப்படித்தான் கொஞ்சம் தட்டையாகிவிடும். 34ல் 19க்கு விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்று போட்டிருக்கிறார்கள். 2021 டிசம்பர் 8ல் குன்னூரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிவாங்கிய ஹெலிகாப்டர் விபத்தும் அதில் ஒன்று. முப்படை விசாரணை சொன்னது: பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசை தடுமாறியது. பட்டியலில் அது மூன்றே சொல்லாகச் சுருங்குகிறது. மேகம் எந்தக் கட்டத்திலும் இல்லை. 14 உயிர் போனதும் ஒன்று. யாருக்கும் காயமில்லாமல் விமானி பாராசூட்டில் குதித்ததும் ஒன்று.

இதையெல்லாம் அண்ணனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. தாளில் 34 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே 12.6 லட்சம் மணி என்று எழுதிக் காட்டினேன். அதையும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம கடல்ல விழுந்துச்சே டார்னியர் விமானம், அது இதுல எந்த வருஷம்?"

2015 ஜூன் 8, இரவு. கடலோரக் காவல் படையின் டார்னியர், மூன்று பேருடன் சென்னைக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனது. ஒரு மாதத்துக்கு மேல் கப்பல்களும் ஒரு நீர்மூழ்கியும் தேடி, கடலூர் கரைக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கறுப்புப் பெட்டியையும் சிதைவுகளையும் கண்டெடுத்தார்கள். அந்தப் பக்கம் வலை போடுகிறவர்களுக்கு அது இன்னும் நேற்று நடந்தது மாதிரிதான்.

"இதுல எந்த வருஷத்துலயும் இல்லண்ணே. இது விமானப் படை கணக்கு, அது கடலோரக் காவல் படை. அதோட இது 2017லதான் ஆரம்பிக்குது."

"அடுத்த வருஷம் தாம்பரத்துலேருந்து அந்தமான் போறப்ப காணாமப் போச்சே, 29 பேரோட?"

"அந்த ஏஎன்-32 விமானம் விமானப் படையோடதுதான். ஆனா அது 2016 ஜூலை. அதுவும் இல்ல."

அவர் பென்சிலை வாங்கி, தாளின் ஓரத்தில் தனியாக 1 என்று எழுதினார். பக்கத்தில் இன்னொரு 1. இரண்டுக்கும் கீழே கோடு போட்டார். பிறகு பென்சிலைக் கோட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க என்ன எழுதணும் வாத்தியாரே?"